மலையில் குடியேறுகிறோம். சின்னச் சின்ன உடம்புத் தொந்தரவுகளுக்கு வீட்டில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் வாடகைக்கு வருகிறோம், இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வந்து இறங்கியதும் யாராவது கையில் ஒரு தைலப் பாட்டிலைக் கொடுப்பார்கள். சளிக்கும் அதுதான், மூட்டுவலிக்கும் அதுதான். குறை சொல்லவில்லை, என் அப்பாவே தைலம் காய்ச்சியவர். கற்பூர மரத்து இலையை (யூகலிப்டஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அண்டாவில் அடைத்து மூடி, ஏற்கெனவே காய்ச்சி எடுத்த இலையைக் காயவைத்து அதையே அடியில் எரிப்பார். ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டும். என் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கடைப்பே வராது என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அது நடந்தது. ஐப்பசி மழை நேரம். என் மகளுக்கு இரண்டரை வயது. நெஞ்சில் தேய்த்துவிட்டுப் பாட்டிலைச் சன்னல் திண்டில் வைத்தது நான்தான். லேபிள் இல்லாத குவார்ட்டர் பாட்டில், பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். எத்தனை மடக்கு குடித்தாளோ, இருமல் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். வாயெல்லாம் தைல வாடை, கண்ணில் நீர். கொஞ்ச நேரத்தில் தலை தொங்க ஆரம்பித்தது. மாமியார் உப்புத் தண்ணீர் கரைத்துவிட்டார். நான் பிள்ளையின் தொண்டைக்குள் விரலை விடப்போனேன்.

பக்கத்து வீட்டில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிஸ்டர் இருந்தார். "விரலை எடுங்க மொதல்ல! வாந்தி எடுக்க வைக்காதீங்க" என்று ஒரு சத்தம் போட்டார். வாந்தியோடு எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும் என்று ஜீப்பில் போகும்போதுதான் சொன்னார். பாட்டிலையும் கையோடு எடுத்துவரச் சொன்னார், டாக்டருக்குக் காட்ட. ஒரு டீஸ்பூன் அளவே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரை கொண்டுபோகலாமாம். ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

"எங்க பாட்டி சர்க்கரையில் ரெண்டு சொட்டு விட்டுக் கொடுப்பாங்க, ஒண்ணும் ஆகல" என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். என் பாட்டியும் கொடுத்தார், நானும் இருக்கிறேன். அதற்காக என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். நான் டாக்டர் இல்லை, நாட்டு மருந்துக்கு எதிரியும் இல்லை. எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஜீப் வாடகை கொடுக்கக் கையில் காசு வேண்டுமே! பசுந்தேயிலைக்குப் பேக்டரி கொடுப்பது பறிப்புக் கூலிக்கே சரியாகிவிடுகிறது. மழையில் பறித்த இலை என்று எடையில் வேறு கழிக்கிறார்கள். மழையை நாங்களா வரச் சொன்னோம்? வெயிலில் பறித்த இலைக்கு மட்டும் கூட்டியா கொடுக்கிறார்கள்? சரி, அது வேறு கதை.

கேட்டதற்கு வருகிறேன். பாராசிட்டமால் வையுங்கள், பிள்ளைக்கு எடையைச் சொல்லி அளவு கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர், சுத்தமான பஞ்சுத்துணி, பிளாஸ்திரி, கால் பிசகினால் சுற்ற கிரேப் பேண்டேஜ். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போட்டால் அளவு தப்பும். கை சுட்டுக்கொண்டால் பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். மார்கழியில் அந்த 20 நிமிடம் கை விறைத்துவிடும், தெரியும். அட்டை கடித்தால் உப்பைத் தேடி ஓடாதீர்கள், நகத்தால் வாயை நெம்பிச் சரித்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரத்தம் சீக்கிரம் நிற்காது, அதன் எச்சில் உறையவிடாது. துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் நிற்கும். நாய், குரங்கு கடித்தால் மட்டும் வீட்டு வைத்தியமே கிடையாது. 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள்.

தைலம் எங்கள் வீட்டில் இப்போதும் உண்டு, பீரோ மேல்தட்டில், சிவப்புப் பெயின்ட் அடித்த பாட்டிலில். மகள் பத்தாவது படிக்கிறாள். மூடியைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள்.