டிரைவர் இருந்தும் இணைப்பு இல்லையே?

கேள்வி: எக்செல் மேக்ரோவில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க ஓடிபிசி டிரைவர் (இரண்டையும் இணைக்கும் மென்பொருள்) நிறுவினேன். டிஎஸ்என் (சேமித்து வைத்த இணைப்பு விவரம்) சோதனை வெற்றி. மேக்ரோவை ஓட்டினால் மட்டும் 'ஆர்கிடெக்சர் மிஸ்மேட்ச்' (32, 64 பிட் பொருந்தவில்லை) என்கிறதே?

பதில்: உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் எக்செல் 32 பிட்டாக இருக்கலாம். டிரைவர் பொருந்த வேண்டியது எக்செல்லோடுதான், விண்டோஸோடு அல்ல. எக்செல்லில் ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று போனால் எத்தனை பிட் என்று முதல் வரியிலேயே தெரியும். 32 என்றிருந்தால், மைஎஸ்கியூஎல் தளத்தில் கனெக்டர் ஓடிபிசி டிரைவரின் 32 பிட் எம்எஸ்ஐ கோப்பை இறக்கி நிறுவுங்கள். பழையதை நீக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும். விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (டிரைவருக்குத் தேவையான துணை மென்பொருள்) இல்லையென்று இன்ஸ்டாலர் நின்றுவிட்டால், அதிலும் 32 பிட்டையே (எக்ஸ்86) போடுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்தது. டிஎஸ்என்னை உருவாக்கும் 32 பிட் ஓடிபிசி நிர்வாகி, விண்டோஸின் 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில்தான் இருக்கிறது. 'சிஸ்டம்32'ல் இருப்பது 64 பிட். பெயரை நம்பாதீர்கள். சிஸ்வாவ்64ல் உள்ள ஓடிபிசிஏடி32 கோப்பைத் திறந்து டிஎஸ்என்னைப் புதிதாக உருவாக்குங்கள். டிஎஸ்என் இல்லாமல் நேரடியாக இணைப்பதானால், அதே நிர்வாகியின் டிரைவர்ஸ் பகுதியில் உள்ள டிரைவர் பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் மேக்ரோவில் எழுதுங்கள். தமிழ்த் தரவு இருந்தால் 'யூனிகோடு டிரைவர்' என்று முடிவதையே எடுங்கள். 'ஆன்சி டிரைவர்' என்று முடிவதில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.