கிராண்ட் கேன்யனை ஒரே நாளில் கடக்க: பயிற்சி இறக்கத்துக்குத்தான்

கேள்வி: அக்டோபர் நடுவில் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை வடக்கு விளிம்பிலிருந்து தெற்கு விளிம்புக்கு ஒரே நாளில் நடந்து கடக்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். வாரம் மூன்று நாள் 5 கி.மீ. ஓடுகிறேன். போதுமா?

மூச்சுக்கு அது நல்ல அடித்தளம்; தொடைக்குப் போதாது.

மலை என்றால் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டு, களைத்தபின் இறங்குவோம். இங்கே தலைகீழ். நார்த் கைபாப் பாதையில் 23 கி.மீ. நடந்து, சுமார் 1,750 மீட்டர் இறங்கிக் கொலராடோ ஆற்றைத் தொட்டபின்தான் பிரைட் ஏஞ்சல் பாதை ஏற்றம் தொடங்கும். அது இன்னொரு 15 கி.மீ., 1,330 மீட்டர். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தசை இழைகள் அதிகம் சேதமாவது அப்போதுதான். மூச்சு வாங்காததால் நமக்கு உறைக்காது. ஆற்றங்கரையில் முழங்கால் நடுங்கும்போது தெரியும். அதனால் இரண்டு மாதமாவது முதுகில் 6 கிலோ சுமையோடு உயரமான கட்டடத்தில் படி ஏறி இறங்குங்கள். இறங்க லிப்டைத் தொடவே வேண்டாம்.

அக்டோபர் நல்ல மாதம்தான். ஆனால் வடக்கு விளிம்பு 2,500 மீட்டர் உயரம்; விடியலில் விரல் விறைக்கும். அடியில் பகலில் 30 டிகிரியை நெருங்கும். பகல் வெளிச்சமோ 11 மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதல். உங்களுக்கு 12 முதல் 15 மணி நேரம் ஆகலாம். இருட்டிலேயே கிளம்புங்கள், தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று.

அப்புறம் தண்ணீர். வழியிலுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்துதான் தெற்கு விளிம்பு வரை குழாய் போகிறது. பழைய குழாய், அடிக்கடி உடையும். குழாயடியை நம்பாமல் தண்ணீர் வடிகட்டும் கருவி ஒன்றை எடுத்துப் போங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றும், குமட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். மணிக்கொரு தரம் உப்புள்ள எதையாவது தின்னுங்கள். உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலையே போதும்.

2025 ஜூலைக் காட்டுத்தீ வடக்கு விளிம்பில் பெரும் சேதம் செய்தது. தங்கும் விடுதியே எரிந்துபோனது. பாதையும் சாலையும் திறந்திருக்கின்றனவா என்று தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்ட பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்புவதே வேண்டாம் என்பது பூங்காக் காவலர்களின் அறிவுரை. அதனால் 11 கி.மீ.யில் வரும் காட்டன்வுட் முகாமில் உட்கார்ந்து யோசியுங்கள். அங்கேயே முழங்கால் வலித்தால், யார் என்ன சொன்னாலும் சரி, ஓய்வெடுத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.