ஒன்பதாம் வகுப்பில் சைபர் பாதுகாப்பு: எங்கே தொடங்குவது?

கேள்வி: நான் கணினி ஆசிரியர். சைபர் பாதுகாப்புத் துறையில் ஆள் பற்றாக்குறையாம், ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அதைச் சொல்லித்தரச் சொல்கிறது நிர்வாகம். எனக்கு அதில் பயிற்சி இல்லை, லேபில் இருப்பதும் பழைய கணினிகள். ஹேக்கிங் டூல்களிலிருந்து தொடங்கலாமா?

பதில்: டூல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பற்றாக்குறை உண்மைதான், சைபர் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான ஐஎஸ்சி2 அமைப்பின் 2024 கணக்குப்படி உலகம் முழுக்க இன்னும் சுமார் 48 லட்சம் பேர் தேவை. ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் அனுபவசாலிகளைத்தான் தேடுகின்றன, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை நேராக அங்கே போய் உட்காரப் போவதில்லை. கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்ற அடித்தளத்தைத்தான் பள்ளியில் போட முடியும். 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே' என்று போஸ்டர் ஒட்டுவதும் வேண்டியதுதான், அதற்குப் பாடம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

லினக்ஸ் கமாண்டுகளில், அதாவது லினக்ஸ் இயங்குதளத்துக்கு நாம் தட்டிக் கொடுக்கும் கட்டளைகளில் தொடங்குங்கள். ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற இலவச விளையாட்டு இருக்கிறது, ஒரு லெவலில் ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால் அடுத்த லெவல் திறக்கும். வேலையெல்லாம் அவர்கள் சர்வரில் நடப்பதால் உங்கள் பழைய கணினியே போதும். (அந்த சர்வரோடு இணையும் வழியான 2220-வது போர்ட்டைப் பள்ளி ஃபயர்வால் தடுத்திருக்கலாம், முதலில் நீங்களே இணைத்துப் பாருங்கள்.) தொடக்கத்திலேயே ஒரு ஃபைல் வரும், அதன் பெயரே வெறும் '-'. ஃபைலில் இருப்பதைத் திரையில் காட்டும் 'கேட்' (cat) கமாண்டை வழக்கம்போலக் கொடுத்தால் ஒன்றும் வராது, கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் 'சார், ஹேங் ஆயிடுச்சு' என்பார்கள். ஹேங் ஆகவில்லை. அந்த '-' குறியை ஃபைல் பெயராக எடுத்துக்கொள்ளாமல், கீபோர்டில் ஏதோ தட்டப்போகிறார்கள் என்று 'கேட்' காத்திருக்கிறது. பெயருக்கு முன்னால் './' (இந்த ஃபோல்டரில் என்று பொருள்) சேர்த்தால் திறந்துவிடும். நாம் ஒன்று சொல்ல, புரோகிராம் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறது இல்லையா, தளத்தில் பெயர் கேட்கும் பெட்டியில் கட்டளையைத் தட்டி டேட்டாபேஸை ஏமாற்றும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கும் இதுதான் அடிப்படை. விடையை உடனே சொல்லிவிடாதீர்கள், பத்து நிமிடம் முழிக்கட்டும்.

அப்புறம் பிகோசிடிஎஃப், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து 2013-ல் தொடங்கிய இலவச ஹேக்கிங் புதிர்ப் போட்டி. இரண்டு மூன்று பேராகச் சேர்த்துவிடுங்கள். சீக்கிரமே உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள், போகட்டும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: அனுமதி இல்லாத சிஸ்டத்தில் கை வைக்கக் கூடாது, பள்ளி வைஃபையும் அதில் சேர்த்திதான். முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பள்ளித் தளத்தில் எவனாவது தற்செயலாக ஓட்டையைப் பார்த்துவிட்டால் யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள், சொல்ல வந்தவனைத் திட்டி அனுப்பினால் அடுத்த தடவை உங்களிடம் வரமாட்டான்.