"நாங்கள் ஆள் மட்டும்தான் அனுப்பினோம்" என்று ஏஜென்சி கைவிரித்தால்?

கேள்வி: பக்கவாதம் வந்து படுக்கையோடு இருக்கும் என் அப்பாவுக்கு (வயது 74) ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சி மூலம் மாதம் 28,000 ரூபாய்க்கு 24 மணி நேர ஆள் வைத்தோம். "பயிற்சி பெற்ற நர்ஸ்" என்றுதான் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். ஐந்தாவது மாதம், இடுப்புக்குக் கீழே எலும்பு தெரிகிற அளவுக்குப் படுக்கைப்புண். ஆபரேஷன், 19 நாள் ஆஸ்பத்திரி, 2 லட்சத்துக்கு மேல் செலவு. கேட்டால், "நாங்கள் ஆள் அனுப்புகிறவர்கள், பொறுப்பு எங்களுடையது இல்லை என்று அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். வேலைக்கு வந்த பையனும் ஊருக்குப் போய்விட்டான். வழக்குப் போடலாமா? போலீஸுக்குப் போகலாமா? வீட்டுக்காரர் விட்டுவிடச் சொல்கிறார்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: போடலாம். ஆனால் சட்டம் பேசுவதற்கு முன்னால், அந்த நோட்டு எங்கே?

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கட்டில் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்த நேரத்தை அதில் எழுத வேண்டும், ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்த்தால் ராத்திரி 10, 12, 2, 4 எல்லாவற்றுக்கும் ஏற்கனவே டிக் விழுந்திருந்தது என்று. உங்களுக்கு அது எரிச்சல். எனக்கு வழக்கே அதுதான். படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்பது நர்சிங்கில் அரிச்சுவடி. ஏஜென்சி கொடுத்த நோட்டு, ஏஜென்சி போட்ட கட்டம், அவர்கள் ஆள் போட்ட பொய் டிக். அதை எடுத்துப் பூட்டி வையுங்கள், "கணக்குப் பார்க்க வேண்டும்" என்று யார் வந்து கேட்டாலும் நகல்தான், அசல் இல்லை.

புண்ணின் போட்டோக்கள், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால் பழைய போனை வைத்துக்கொள்ளுங்கள், மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுத்தாமல் முழு கேஸ் ஷீட்டையும் (ஆஸ்பத்திரியில் தினமும் எழுதிய சிகிச்சைக் குறிப்புகள்) கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொல்லப் போவது, "சர்க்கரை இருக்கிறது, வயசாகிவிட்டது, யார் பார்த்திருந்தாலும் புண் வந்திருக்கும்" என்பதுதான். அட்மிஷன் அன்று புண் எவ்வளவு ஆழம், எத்தனை நாள் பழையது என்று டாக்டர் எழுதியிருப்பதுதான் அதற்குப் பதில்.

சரி, இப்போது அந்த அக்ரிமென்ட். "பொறுப்பு எங்களுடையது இல்லை" என்ற ஒரு வரி, பணம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றத்தைத் துடைத்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இது சேவைக் குறைபாடு. அந்த வரியையே "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அந்த அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அதனால் அந்தச் சண்டைக்குப் போகாமல் சேவைக் குறைபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மாவட்ட ஆணையத்திலேயே போடுங்கள் என்பது என் யோசனை. பணம் கட்டிய நீங்களும் நுகர்வோர், சேவையைப் பெற்ற அப்பாவும் நுகர்வோர், இரண்டு பேர் பெயரிலும் போடலாம். அக்ரிமென்ட்டில் "பெங்களூர் கோர்ட்டில்தான்", "ஆர்பிட்ரேஷன்தான்" (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் வைத்துத் தீர்ப்பது) என்றெல்லாம் இருந்தால் பயப்பட வேண்டாம்: நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆர்பிட்ரேஷன் ஷரத்து நுகர்வோர் புகாரைத் தடுக்காது.

நீங்கள் கட்டியது ஐந்து மாதத்துக்கு 1,40,000 ரூபாய். எந்த ஆணையம் என்பதைக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது, கேட்கும் நஷ்டஈடு அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு, அப்பா பட்ட வேதனை இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இன்னொரு காகிதத்தையும் பாருங்கள், ஏஜென்சி கொடுத்த பில். அதில் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா, இல்லை சுகாதார சேவை என்று வரிவிலக்கு எழுதியிருக்கிறார்களா? விலக்கு என்றால் நமக்கு நல்லது. வரித்துறையிடம் "நாங்கள் வைத்தியம் பார்க்கிறவர்கள்", உங்களிடம் "நாங்கள் வெறும் புரோக்கர்". ஆணையத்தில் அந்த பில்லை நீட்டிவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தப் பையன் நர்ஸா என்பது தனிக் கேள்வி. ஏஎன்எம் (துணை நர்ஸ்) இரண்டு வருடப் படிப்பு, ஜிஎன்எம் (பொது நர்சிங் டிப்ளமோ) மூன்று வருடம், இரண்டுக்கும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். ஜிடிஏ (ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்) என்பது சில மாதப் பயிற்சி, அவர் உதவியாளர், நர்ஸ் அல்ல. வக்கீல் நோட்டீஸில் அந்தப் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்போம். இல்லையென்றால், "பயிற்சி பெற்ற நர்ஸ்" என்ற வாட்ஸ்அப் வரி முறையற்ற வணிக நடைமுறைக்குச் சாட்சி.

இதில் எனக்கே ஒரு ஆத்திரம் உண்டு. அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேனை அனுப்ப லைசென்ஸ் வேண்டும், அவரைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும், பயிற்சி கொடுத்திருக்க வேண்டும் என்று 2005-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. உங்கள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறவருக்கு அப்படி ஒரு தனி மத்திய சட்டம் இல்லை. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சியும் போலீஸ் சரிபார்ப்பும் வேண்டும் என்று மூத்த குடிமக்கள் சட்டத் திருத்த மசோதா ஒன்று 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலேயே அந்த மக்களவையோடு காலாவதியானது.

போலீஸ்? போகலாம். 15 நாள் கடும் வலியில் வைத்திருந்தாலே கொடுங்காயம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த குற்றச் சட்டம்), அலட்சியத்தால் கொடுங்காயம் என்றால் பிரிவு 125-ல் மூன்று வருடம் வரை சிறை. ஆனால் எப்ஐஆர் போட்டால் மாட்டுவது அந்தப் பையன்தான். ராத்திரி பகல் ஒரே ஆள், மாற்று ஆள் கிடையாது, ஐந்து மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த மனிதன் எழுந்திருப்பான்? அப்படி ஒரு ஷிப்டை விற்றவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள். அடித்தான், திருடினான் என்றால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள். இதற்கு நான் ஏஜென்சியைத்தான் துரத்துவேன்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். ஆனால் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் போட்டே ஆக வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் சொல்லிவிட்டது. அதனால் நோட்டீஸ் கிடைத்ததும் சமாதானம் பேச ஒருவர் வீட்டுக்கு வர வாய்ப்பு அதிகம். வரட்டும், காபி கொடுங்கள். செக்கோடு நீட்டுகிற காகிதத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும், அதில் மட்டும் என்னிடமோ வேறு வக்கீலிடமோ காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.