கிளப்பினதும் ஹெட்லைட் மங்கி மங்கி எரியுது: ஆல்டர்நேட்டரைக் கழற்றாதீங்க

உங்க டீசல் வண்டியைக் கிளப்பினதும் லைட் மங்குது, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்நேட்டர் போச்சான்னு கேட்டிருக்கீங்க. ஆல்டர்நேட்டர் கெடலைங்க. கிளப்பின பிறகு ஒண்ணு ரெண்டு நிமிசம் லைட் மங்கறதும் வோல்ட் முள் இறங்கி ஏறுறதும், இன்டேக் ஹீட்டர் (இஞ்சினுக்குள்ள போற காற்றைச் சூடாக்கற பட்டை) விட்டு விட்டு எரியறதாலதான். நூறு ஆம்பியர் பக்கம் இழுக்கும். குளிர்ல வெள்ளைப்புகை தள்ளாம இருக்க, இஞ்சின் ஓடும்போதும் கொஞ்ச நேரம் அது எரியும்.

வால்பாறை விடிகாலையில இப்படின்னா சரி. நாமக்கல் மத்தியான வெயில்லயும் இப்படின்னு எழுதியிருக்கீங்க, அதுதான் கோளாறு. லைட் விட்டு விட்டு மங்கறதால, இன்டேக் காற்று வெப்ப சென்சார் குளிர்னு தப்பாச் சொல்லுதுன்னு நினைக்கறேன். லைட் ஒரேயடியா மங்கியே இருந்தா, ஹீட்டருக்குக் கரண்ட் விடற சுவிட்சான ரிலே மேல சந்தேகப்படலாம்.

1. சாவியை எடுத்துட்டு ஹீட்டர் ஸ்டட்டுக்கும் (கரண்ட் ஒயர் மாட்டற போல்ட்) இஞ்சின் பாடிக்கும் வோல்ட்ல மீட்டர் வைங்க. 0 வரணும். 24 வோல்ட் காட்டினா ரிலே காண்டாக்ட் ஒட்டிருச்சு. உடனே பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்க, ஒயர் தீப்பிடிக்கும்.

2. 0 வந்தா சென்சாரைக் கழற்றி, ஓம்ல மீட்டரை வச்சு, முனையை மட்டும் சுடுதண்ணியில முக்குங்க. ஓம் நல்லாக் குறையணும். அசையலைன்னா சென்சார் மாத்துங்க. குறைஞ்சா அதோட பிளக், ஒயர்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க.

ஹீட்டர் இருக்கற வண்டியில இஞ்சினைச் சீக்கிரம் கிளப்ப அடிக்கற ஈதர் ஸ்ப்ரே மட்டும் அடிக்கவே அடிக்காதீங்க. சிவந்த ஹீட்டர் பட்டையில பட்டா, காற்று போற குழாயான இன்டேக் மேனிஃபோல்டே வெடிச்சுரும்.