தாய்லாந்தின் '23.5' பள்ளிக்கூடக் காதல் தொடரைப் பார்க்கலாமா? அதன் பலம் எது, பலவீனம் எது?

சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். இரண்டுக்கும் காரணமும் ஒன்றேதான். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிப்பதை இந்தத் தொடர் ஒரு சிக்கலாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதன் அழகு அதுதான். ஆனால் அந்தச் சிக்கலை எடுத்துவிட்டால் 12 பாகங்களை எதை வைத்து நகர்த்துவது? அதற்கு இவர்கள் கையில் இருந்த சரக்கு பாதித் தூரத்துக்குத்தான் வருகிறது.

முதலில் கதை. இது 2024 மார்ச்சில் ஜிஎம்எம் 25 சேனலில் தொடங்கியது. பெண் ஜோடியை மையமாக வைத்து ஜிஎம்எம்டிவி என்ற தயாரிப்பு நிறுவனம் எடுத்த முதல் தொடர். ஓங்சா கூச்ச சுபாவம் உள்ளவள், புதிதாக ஒரு பள்ளியில் சேர்கிறாள், தோழி என்று ஒருத்தியும் இல்லை. சன் அந்தப் பள்ளியே கொண்டாடும் பெண். நேரில் பேசத் துணிச்சல் இல்லாத ஓங்சா, பூமிப் படத்தை முகப்பில் வைத்து ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்குகிறாள். பெயர் கேட்டால் 'எர்த்'. சன் அது ஒரு பையன் என்று தானாகவே நினைத்துக்கொள்கிறாள், ஓங்சா திருத்தாமல் விட்டுவிடுகிறாள். சன்னுக்கு எர்த் மேல் பிரியம் வளர வளர, ஓங்சாவுக்கு வாய் திறப்பது கடினமாகிக்கொண்டே போகிறது.

பெயர்களைக் கவனித்தால் எழுத்தின் நேர்த்தி புரியும். தாய்லாந்து மொழியில் இதன் முழுத் தலைப்பு 'பூமி சாய்ந்திருக்கும் 23.5 பாகை' என்று பொருள்படும். 'ஓங்சா' என்றால் பாகை, அதாவது டிகிரி. வடமொழி 'அம்ச' அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. நாம் 'அம்சம்' என்கிறோமே, அதே சொல். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான் சூரியனைச் சுற்றிவரும்போது பருவங்கள் மாறுகின்றன. சன் பக்கம் சாய்ந்துபோன ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கூடவே வரும் துணைப் பாத்திரங்கள் லூனா, ஆல்ஃபா, தன்னை வேற்றுக்கிரகவாசி என்று சொல்லிக்கொள்ளும் ஐலின். எல்லாமே வானத்தில் இருந்து இறங்கிய பெயர்கள்.

பலரும் தவறவிடும் இடம் மொழி. தாய்லாந்து மொழியில் ஒருவரைப் படர்க்கையில் குறிப்பிட 'காவ்' என்று ஒரே சொல் போதும். அது அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். பாலைக் காட்டிக்கொடுப்பவை வேறு சொற்கள். மரியாதைக்கு வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் 'க்ரப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்ப்பார்கள். தன்னைச் சொல்லும்போது ஆண் 'போம்' என்பான். இவற்றைத் தவிர்த்து, 'ராவ்' என்ற பொதுச் சொல்லால் தன்னைக் குறித்துக்கொண்டால், மாதக்கணக்கில் அரட்டை அடித்தாலும் எதிரில் இருப்பது யார் என்று பிடிபடாது. கதையின் அடித்தளமே இந்த வசதியில்தான் நிற்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு இது சட்டென்று புரியும். 'சாப்பிட்டேன்', 'தூங்கப் போறேன்' என்று எழுதுபவர் ஆணா பெண்ணா என்று நமக்கும் தெரியாது. ஆனால் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கில வசன வரிகளோடு. ஆங்கிலத்தில் 'ஹீ' அல்லது 'ஷீ' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வந்துவிடுகிறது. 'ஹீ' என்று போட்ட கணமே மூலத்தில் இருந்த மங்கல் போய்விடும், சன் ஏமாளியாகத் தெரிவாள். அவள் ஏமாளி இல்லை, அவள் மொழி அவளுக்குத் துப்பே கொடுக்கவில்லை. அரட்டைக் காட்சிகளில் கண்ணை வசன வரியில் மட்டும் வைக்காமல், காதில் 'கா' விழுகிறதா என்றும் கவனியுங்கள். காட்சியே வேறாகத் தெரியும்.

அடுத்த பலம் நடிப்பு. ஓங்சாவாக மில்க் பன்சா, சன்னாக லவ் பத்தரனித். 'பேட் படி' தொடரில் இன்க், பா என்று துணை ஜோடியாக வந்தபோதே இந்த இருவருக்கும் இடையில் நல்ல இசைவு இருந்தது. அங்கே மில்க் தன்னம்பிக்கை ததும்பும் பெண். இங்கே அதே உயரமான உடம்பை, தோளைக் குறுக்கி, பார்வையைத் தாழ்த்தி, பாதியாக மடித்துக்கொள்கிறார். சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடும் அந்தத் தடுமாற்றத்தை அவர் கோமாளித்தனமாக்கவில்லை. ஓங்சாவைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அவளுக்காகப் பதறவும் செய்கிறோம்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 2010-இல் வந்த 'யெஸ் ஆர் நோ' திரைப்படத்தில் கல்லூரி விடுதித் தோழிகளில் ஒருத்தி குட்டை முடியும் பையன் தோற்றமுமாக இருப்பாள். அங்கே 'டாம்' என்று அழைக்கப்படும் வகை அது. இன்னொருத்தியின் அம்மாவுக்கு டாம் என்றாலே ஆகாது. 2022-இல் தொடங்கிய 'கேப்' தொடரில் பிரபு குலத்துப் பாட்டி குறுக்கே நிற்கிறார். '23.5'-இல் இரண்டு பேரும் சாதாரணப் பள்ளிப் பாவாடையில் வருகிறார்கள், குறுக்கே நிற்கப் பாட்டியும் இல்லை. ஓங்சாவின் பயமெல்லாம் 'நான் பெண் என்று தெரிந்தால்' என்பதைவிட 'நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால்' என்பதில்தான் இருக்கிறது. இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த 2024 மார்ச் 27 அன்றுதான் தாய்லாந்துக் கீழவை திருமணச் சமத்துவ மசோதாவை 400 வாக்குகளோடு நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தின் காற்று இந்தத் தொடரில் வீசுகிறது. பள்ளிப் பிள்ளைகள் அஞ்சாமல் பார்க்க ஒரு கதை வேண்டும் என்று யாரோ மனதார எடுத்திருக்கிறார்கள். அதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

ஆனால் வெளியில் இருந்து அழுத்தம் இல்லாத கதைக்கு உள்ளே அழுத்தம் வேண்டும். இங்கே இருந்தது அந்த ஒரே பொய்தான். அது நிற்கும்வரை ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு அடுக்கு இருக்கிறது: சன் பக்கத்து மேசைப் பெண்ணிடம் எர்த்தைப் பற்றிப் பேசுகிறாள், அந்தப் பெண்ணே எர்த். குட்டு உடைந்ததும் அடுக்கு ஒன்றாகிவிடுகிறது. அதன் பிறகு வருவது சின்னச் சின்னப் பொறாமையும் ஊடலும். தனித்தனியாக இனிக்கின்றன, சேர்த்துப் பார்த்தால் கதை நடப்பதுபோல் இல்லை. பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் விட்டிருப்பார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது சன் பக்கம் எழுதாமல் விட்டது. பையன் என்று நம்பி ஒருவருக்கு மனதைக் கொடுத்த பெண், அது தன் வகுப்புத் தோழி என்று அறிகிறாள். இதில் இரண்டு அதிர்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று, ஏமாற்றப்பட்டது. இன்னொன்று, 'அப்படியானால் நான் யாரை விரும்பினேன்?' என்று தன்னைப் பற்றியே எழும் கேள்வி. முதலாவதற்கு இடம் கொடுத்த அளவு இரண்டாவதற்குக் கொடுக்கவில்லை. கதை முழுக்க ஓங்சாவின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுவதால் வந்த இழப்பு இது. எதிர்ப்பில்லாத உலகத்தைக் கட்டினாலும், ஒரு பதினாறு வயதுப் பெண் தன்னையே புதிதாகப் பார்க்க நாலு காட்சியாவது வேண்டும். பின்பாதிக்குத் தேவைப்பட்ட கனமும் அங்கேயே கிடைத்திருக்கும்.

அந்த நேரம் கிளைக்கதைகளுக்குப் போய்விட்டது. அவற்றில் ஐலின், லூனா ஜோடி மட்டும் விதிவிலக்கு. ஐலினாக வியூ, லூனாவாக ஜூன். உணர்ச்சியை முகத்தில் காட்டத் தெரியாத பெண்ணைப் பொறுமையாக அணுகும் அந்தக் கதை சில பாகங்களில் மையக் கதையையே முந்துகிறது. ஆசிரியைகள் இருவரின் கதை நல்ல எண்ணம்தான், ஆனால் வளர இடமில்லாமல் துண்டு துண்டாக வருகிறது. நகைச்சுவைக்கு மேல் ஓசை போட்டு 'இங்கே சிரி' என்று சொல்லும் பழக்கமும் முதல் பாகங்களில் அதிகம். அது பொறுக்காவிட்டால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே வழி.

பார்ப்பதாக இருந்தால், முதல் பாகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று பாகமாவது பாருங்கள், அரட்டை சூடு பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். குட்டு உடையும்வரை விட்டு விட்டுப் பார்க்காமல் இரண்டு மூன்று நாளில் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றாகப் பாருங்கள். பின்பாதி அந்த வேகத்தில்தான் ருசிக்கும், மொத்தமாக உட்கார்ந்தால் திகட்டும். குடும்பமும் அந்தஸ்தும் மோதும் கதைதான் வேண்டும் என்றால் 'கேப்' பக்கம் போங்கள்.