புல் ரிக்வெஸ்ட் பத்தே நிமிடத்தில் மூடப்பட்டால்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஜவுளிக் கடையில், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. தமிழ் ஊர்ப்பெயர்கள் பில்லில் பாதியில் வெட்டுப்படுகின்றன. நானே நிரலைத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்தத் திட்டத்துக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். “விதிகளைப் படித்தீர்களா? 43 கோப்புகளை யார் பார்ப்பது?” என்று எழுதிப் பத்து நிமிடத்தில் மூடிவிட்டார்கள். நான் தொட்டது ஒரே கோப்பில் நாலு வரி. தமிழ் மீடியத்தில் படித்தவன். என் ஆங்கிலம்தான் காரணமா? இனி அங்கே போகலாமா?

பதில்: ஆங்கிலம் காரணமில்லை. அந்த 43தான் காரணம். ஒரு கோப்பைத் திருத்தியவர் பெயரில் 43 கோப்புகள் போவதற்கு வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எடிட்டரில் இருக்கும், நிரலின் வடிவத்தைத் தானே சீராக்கும் ஃபார்மேட்டர் முழு ஃபோல்டரிலும் ஓடியிருக்கும். மற்றொன்று, விண்டோஸ் கணினியில் வரி முடிவுக் குறிகள் மாறியிருக்கும்; கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் மாறியதாகவே காட்டும். கிட் டிஃப் கட்டளையை ‘-டபிள்யூ’ தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். அது இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காது. உங்கள் நாலு வரி மட்டும் மிஞ்சினால் குற்றவாளி பெரும்பாலும் வரி முடிவுதான்.

உங்கள் மாற்றங்கள் இருக்கும் அந்தப் பழைய பிராஞ்சைக் (கிளையை) கழுவித் துடைக்க முயலாதீர்கள். மூல ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) இன்றைய நிலையை இழுத்து, புதிய பிராஞ்ச் போட்டு, அந்த நாலு வரியைக் கையால் மறுபடி அடிப்பது சீக்கிரம் முடியும். கமிட் செய்யும் (மாற்றத்தைப் பதியும்) முன் ‘கிட் ஆட் -பி’ ஓட்டினால் ஒவ்வொரு துண்டாகக் கேட்கும். தேவையானதற்கு மட்டும் ஆம் சொல்லுங்கள். திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் மூடிய புல் ரிக்வெஸ்ட்டை, நிரல்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் உங்களால் திறக்க முடியாது. முதலில் பிழையை விளக்கி அங்கேயே ஓர் இஷ்யூ (பிழைக் குறிப்பு) எழுதுங்கள். பதில் வந்தபின் புதிதாக அனுப்பி, பழையதன் இணைப்பை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

அந்த இஷ்யூவில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. “தமிழ் சரியாக வரவில்லை” என்று எழுதினால் தமிழ் தெரியாதவருக்கு எதுவும் விளங்காது. படம் அனுப்பினாலும் எது பிழை என்று தெரியாது. எண்ணில் சொல்லுங்கள். கொழிஞ்சாம்பாறை நம் கணக்கில் 7 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 14 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 42 பைட். மென்பொருள் 9 குறியோடு வெட்டினால் ‘கொழிஞ்சாம’ என்று புள்ளி பறிபோய் நிற்கும். 20 பைட்டில் வெட்டினால் ‘கொழிஞ்’ வரை வந்து, அடுத்த குறி பாதியில் உடைந்து, கட்டத்துக்குள் கேள்விக்குறியாக வரும். எந்தப் பதிப்பு, எந்தத் திரை, என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, என்ன வரவேண்டும் என ஐந்து வரி போதும். தீர்வையும் அவர்களுக்குத் தெரிந்த பெயரில் சொல்லுங்கள்: ‘கிராபீம் கிளஸ்டர்’ (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் குறிகளின் தொகுதி) எல்லையில் வெட்ட வேண்டும். யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு நிரல் நூலகத்தில் அதற்கு வசதி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல் செக்மென்டர்’.

பாலக்காட்டுப் பக்கம் இருப்பதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு மலையாளப் பெயர்களையும் சோதித்துச் சேர்த்துவிடுங்கள். ஒரு மொழியின் குறை என்று வந்தால் வரிசையில் காத்திருக்கும். இரண்டு எழுத்துமுறைகளில் காட்டினால் வெட்டும் முறையே தவறு என்று புரியும். மலையாளக் கூட்டெழுத்தைப் பிரிக்காமல் வைக்கும் விதி 2023இல் வந்த யூனிகோடு 15.1இல்தான் சேர்ந்தது, பழைய நூலகம் என்றால் தமிழ் சரியாக வந்தும் மலையாளம் பிசகலாம்.

ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்புக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், சிறு வாக்கியங்களாக. ஆனால் ஏஐ எழுதித் தந்த நீண்ட விளக்கத்தை அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிய ஏஐ அறிக்கைகளால் கர்ல் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தார் நொந்துபோனது பலருக்கும் தெரியும். “ரெஸ்பெக்டட் சார்” வேண்டாம். படிப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம்.

மெயின்டெய்னர்கள் ஏன் இப்படிக் கடுகடுக்கிறார்கள்? ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களித்தால் பரிசு என்று நடந்த 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், ஒரு டி-ஷர்ட்டுக்காகத் திட்ட அறிமுகமான ரீட்மி கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய ரிக்வெஸ்ட்டுகள் குவிந்தன. சம்மதித்த திட்டங்களுக்கு மட்டும் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. தெரியாத பெயரிலிருந்து 43 கோப்புகள் வந்தால் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். இது விளக்கம்தான், சமாதானம் அல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டத்தில் காலங்காலமாக வசைபாடிய, அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அப்போதுதான் அங்கே புதிய நடத்தை விதிகளும் வந்தன.

உங்களுக்கு வந்தது வெடுக்கென்ற பேச்சு, வசை அல்ல. வேலையைக் குறை சொன்னால் திருத்தி அனுப்பலாம். ஆளை, ஊரை, மொழியை, நாட்டை இழுத்தால்தான் அது வசை. அப்படி வந்தால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். இணைப்பையும் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, நடத்தை விதிக் கோப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். திட்டியவரே அந்தப் பெட்டியையும் பார்ப்பவர் என்றால் கிட்ஹப்பில் நேரடியாகப் புகார் செய்யலாம். நண்பர்களைக் கூட்டிவந்து கமென்ட் போடவைத்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பிளாக் ஆகப்போவது நீங்கள்தான்.

இரண்டாவது முறை அனுப்பியபின் ஒரு வாரமாவது பொறுங்கள். கெர்னல்காரர்கள் சொல்லும் குறைந்தபட்சக் கெடுவும் அதுதான். பிறகு அதே இடத்தில் ஒரு வரி நினைவூட்டல். லிங்க்டுஇன்னில் தேடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டாம். அனுப்புமுன் யாராவது பார்த்தால் நல்லது என்றால் தமிழில் ஓப்பன் சோர்ஸ் வேலை செய்யும் கணியம் குழுவிலோ, மலையாளத்தில் அதே வேலை செய்யும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் நண்பர்களிடமோ காட்டுங்கள்.

அதுவரை கடை காத்திருக்கத் தேவையில்லை. ஓப்பன் சோர்ஸ் உரிமமே அதற்குத்தான்: உங்கள் ஃபோர்க்கில் (சொந்த நகலில்) அந்த நாலு வரியைப் போட்டு பில் அடியுங்கள். திருத்தத்தைத் தனிக் கமிட்டாக வைத்திருந்தால், அவர்கள் புதுப் பதிப்பு விடும்போது ரீபேஸ் செய்ய (அதன் மேல் உங்கள் திருத்தத்தை ஏற்ற) ஐந்து நிமிடம் போதும்.